படகுப் பயணத்தில் கைக்கடிகாரம்

படகுப் பயணத்தில் அணியும் கைக்கடிகாரம் நேரம் பார்க்க மட்டுமின்றி இடமறிதல், ஓதக் கணிப்பு, ஆபத்துக்கால நடவடிக்கை ஆகியவற்றுக்கும் பயன்படும் கருவியாகும். பாய்மரப் படகிலோ விசைப்படகிலோ செல்வோர் விலை உயர்ந்த ஆடம்பரக் கடிகாரத்தை அணிந்து செல்லலாமா, விலை குறைந்த கடிகாரமே போதுமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஒரு கடிகாரத்தின் விலைக்கும் அது கடல்நீரைத் தாங்கும் திறனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பல லட்சம் ரூபாய் விலையுள்ள சில கடிகாரங்கள் கைகழுவும் நீரைத் தாங்கும் அளவுக்கே செய்யப்பட்டவை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சில கடிகாரங்கள் கடலில் நீந்தவும் ஏற்றவை.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியைச் சேர்ந்தவை. கடிகாரம் கடலுக்கு வந்த வரலாற்றின் முக்கிய நிகழ்வுகள் சில அங்குதான் நடந்தன.

வரலாறு

1707 அக்டோபரில் அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷவல் தலைமையில் நாடு திரும்பிய பிரித்தானியக் கடற்படையின் நான்கு கப்பல்கள், கால்வாயின் மேற்கு வாயிலை ஒட்டியுள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாம் இருக்கும் இடத்தைக் கப்பலோட்டிகள் தவறாகக் கணித்திருந்தனர். கடலில் தீர்க்கரேகையைத் துல்லியமாக அறியும் வழி அன்று இல்லை. 1714-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அதற்கு வழி காண்போருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது.

கடிகாரத்துக்கும் தீர்க்கரேகைக்கும் உள்ள தொடர்பு எளிமையானது. புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே 1 மணிக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு 1 பாகை, 4 விநாடிக்கு 1 கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு) என்று கணக்கு வரும். நிலநடுக்கோட்டில் 1 கலை தீர்க்கரேகை என்பது 1 கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. கடிகாரம் 4 விநாடி தவறினால் படகின் இடம் ஒரு கடல்மைல் தவறிவிடும். தச்சுத் தொழிலாளராக இருந்து கடிகாரம் செய்பவரான ஜான் ஹாரிசன், இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக எச்4 என்ற பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போன்ற காலமானியை உருவாக்கினார். 1761 நவம்பரில் அது இங்கிலாந்திலிருந்து ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. இரண்டு மாதப் பயணத்துக்குப் பின், அதன் வழக்கமான அன்றாடப் பிழையைக் கழித்துப் பார்த்தபோது, அது சுமார் 5 விநாடி மட்டுமே பின்தங்கியிருந்தது.

மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் நீரை எதிர்க்கும் நிலைக்கு வர மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1926-இல் ரோலக்ஸ் நிறுவனம் பின்மூடி, முன்வளையம், குமிழ் ஆகிய மூன்றும் திருகி மூடப்படும் 'ஆய்ஸ்டர்' கடிகாரத்தை வெளியிட்டது. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பிரித்தானிய நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது இதைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அன்று குளிர் மிகுந்ததால் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நீந்திய அவரால் கரை சேர முடியவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அந்நிறுவனம் இதை டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கத்தில் விளம்பரம் செய்தது. 1953-இல் ரோலக்ஸ் சப்மரினர், பிளாங்பெய்ன் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் ஆகிய முக்குளிப்போர் கடிகாரங்கள் வந்தன. அன்று இவை தொழிற்கருவிகள். ஆடம்பரப் பொருள் என்ற பெயர் பின்னாளில் வந்தது.

1966 ஆகஸ்டில் பிரான்சிஸ் சிச்செஸ்டர், கால்வாய்க் கரையிலுள்ள பிளிமத் துறைமுகத்திலிருந்து ஜிப்சி மாத் 4 என்ற பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டார். சிட்னியில் மட்டும் தங்கி 1967 மே மாதம் பிளிமத் திரும்பினார். அவர் கையில் இருந்தது ஒரு ரோலக்ஸ் கடிகாரம். செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் சூரியனையும் விண்மீன்களையும் அளக்கும்போது அவர் அதைப் பயன்படுத்தினார். அலையாட்டத்தில் அது பலமுறை கையிலிருந்து கழன்று விழுந்தும் கெடவில்லை என்று அவர் பின்னர் எழுதினார்.

மலிவுக் கடிகாரத்தின் எழுச்சி

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென். அன்றைய ஒரு சிறு காரின் விலை அது. குவார்ட்ஸ் படிகத்தின் சீரான அதிர்வால் நேரம் கணக்கிடும் இம்முறை விரைவில் மலிவாயிற்று. 1983-இல் 200 மீட்டர் நீர்த்தாங்குதிறன் குறிக்கப்பட்ட கேசியோ ஜி-ஷாக் வந்தது. 1989-இல் 21 கிராம் எடையுள்ள கேசியோ எஃப்-91டபிள்யூ வந்தது.

இதனால் துல்லியத்தில் ஒரு தலைகீழ் மாற்றம் ஏற்பட்டது. சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வ காலமானிச் சான்று பெறும் இயந்திரக் கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பின்தங்குவதிலிருந்து 6 விநாடி முந்துவது வரை அனுமதிக்கப்படுகிறது. நாளுக்கு 6 விநாடி முந்தினால் 30 நாளில் 3 நிமிடம். எஃப்-91டபிள்யூ கடிகாரத்துக்கு அறிவிக்கப்பட்ட பிழை மாதத்துக்கு 30 விநாடிக்குள். ஆங்கிலக் கால்வாய் ஏறத்தாழ 50 பாகை அட்சரேகையில் உள்ளது. அங்கு 6 விநாடிப் பிழை என்பது சுமார் ஒரு கடல்மைல். ஆயினும் பிழை நாள்தோறும் ஒரே அளவில் இருந்தால் அதைக் கழித்துக் கணக்கிடலாம். ஹாரிசனும் சிச்செஸ்டரும் அறிந்திருந்த முறை இதுவே.

படகில் கடிகாரத்தின் பயன்

இன்று செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியே நேரத்தையும் காட்டுகிறது. எனினும் அதற்கு மின்சாரம் வேண்டும். கைப்பேசித் திரை நனைந்தால் விரலுக்குக் கட்டுப்படாது. கையில் கயிறோ சுக்கானோ இருக்கும்போது பையிலிருந்து எடுக்கவும் இயலாது. கைக்கடிகாரம் பின்வரும் வேலைகளுக்குப் பயன்படுகிறது.

தூரக் கணிப்பு: வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். 6 நிமிடம் என்பது ஒரு மணியின் பத்தில் ஒரு பங்கு. எனவே 5 நாட் வேகத்தில் செல்லும் படகு 6 நிமிடத்தில் அரைக் கடல்மைல் கடக்கும்.

கலங்கரை விளக்கத்தை அடையாளம் காணுதல்: ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஒரு கால இடைவெளியில் ஒளிர்கிறது. பிளிமத்துக்கு அப்பாலுள்ள எடிஸ்டோன் விளக்கம் 10 விநாடிக்கு ஒருமுறை இரட்டை ஒளிவீச்சும், அதற்கு மேற்கிலுள்ள லிசார்ட் விளக்கம் 3 விநாடிக்கு ஒருமுறை ஒற்றை ஒளிவீச்சும் தருகின்றன. விநாடி காட்டாத கடிகாரம் இதற்கு உதவாது.

ஓதக் கணிப்பு: கால்வாயில் ஓத நீரோட்டம் ஏறத்தாழ ஆறு மணிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. 5 நாட் வேகமுள்ள படகு 3 நாட் நீரோட்டத்தோடு சென்றால் 8 நாட் வேகத்தில் முன்னேறும். எதிர்த்துச் சென்றால் 2 நாட் மட்டுமே. புறப்படும் நேரம் தவறினால் இருட்டுமுன் துறைமுகம் சேர முடியாமல் போகலாம்.

பந்தயத் தொடக்கம்: பாய்மரப் பந்தயத்தில் பொதுவாக 5, 4, 1 நிமிடங்களுக்கு முன் சைகைகள் தரப்படும். தொடக்கக் கோட்டை முன்னதாகக் கடந்த படகு திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். இதற்குப் பின்னோக்கி எண்ணும் வசதி தேவை. 2007-இல் வந்த ரோலக்ஸ் யாட்-மாஸ்டர் 2 இதற்கெனவே அமைந்தது. இதே வசதி மலிவான எண்முறைக் கடிகாரங்கள் பலவற்றிலும் உண்டு. எல்லாவற்றிலும் இல்லை என்பதால் வாங்கும்போது பார்க்க வேண்டும்.

ஒருவர் நீரில் விழுந்தால்: விழுந்த நேரத்தை உடனே குறிப்பது முக்கியம். குளிர்நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்ற பொதுவான கணக்கு கற்பிக்கப்படுகிறது. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால்கள் பயனுள்ள வகையில் இயங்க 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம். தேடுவோருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியுள்ளது, நீரோட்டம் அவரை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நேரக் குறிப்பே விடை தரும்.

நீர்த்தாங்குதிறன் எண்ணின் பொருள்

கடிகாரத்தின் பின்மூடியில் 30, 50, 100, 200 மீட்டர் என்றோ 3, 5, 10, 20 பார் என்றோ எழுதப்பட்டிருக்கும். நீரில் 10 மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடுகிறது. இந்த எண் ஆய்வுக்கூடத்தில் அசையாத நிலையில் புதிய கடிகாரம் தாங்கிய அழுத்தத்தைக் குறிக்கிறது. அத்தனை மீட்டர் ஆழத்துக்கு அணிந்து செல்லலாம் என்று பொருள் கொள்வது தவறு. நடைமுறையில் பின்வருமாறு கொள்வது வழக்கம்.

- 30 மீட்டர்: மழைத்துளி, கைகழுவும் நீர்.
- 50 மீட்டர்: சிறிது நேரம் நனைதல்.
- 100 மீட்டர்: நீச்சல், படகு கவிழ்தல்.
- 200 மீட்டர்: நீர் விளையாட்டுகள் அனைத்தும்.

30 மீட்டர் எனக் குறித்த கடிகாரத்தோடு ஏன் நீந்தக் கூடாது என்பதற்கு, கையை வீசும்போது அழுத்தம் பலமடங்கு கூடிவிடும் என்று பலர் விளக்கம் தருவர். கணக்கிட்டுப் பார்த்தால் இது பொருந்தவில்லை. விநாடிக்கு 10 மீட்டர் என்ற மிகுந்த வேகத்தில் கை நீரில் மோதினாலும் கூடும் அழுத்தம் சுமார் அரை பார், அதாவது 5 மீட்டர் ஆழத்துக்குச் சமம். உண்மைக் காரணங்கள் வேறு. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகுகின்றன. வெயிலில் சூடான கடிகாரம் திடீரெனக் குளிர்நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உள்ளிழுக்க முயல்கிறது. குமிழ் முழுதாக அழுத்தப்படாமல் இருக்கலாம். மெல்லிய கூட்டில் இக்குறைகளை ஈடுகட்டும் இடைவெளி குறைவு.

இரண்டு பன்னாட்டுத் தரங்கள் இங்கு முக்கியமானவை. ஐ.எஸ்.ஓ. 22810 அன்றாடப் பயன்பாட்டுக் கடிகாரங்களுக்கானது. இதில் மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் சோதித்தால் போதும். ஐ.எஸ்.ஓ. 6425 முக்குளிப்போர் கடிகாரங்களுக்கானது. இதில் குறைந்தது 100 மீட்டர் தாங்குதிறன் வேண்டும். ஒவ்வொரு கடிகாரமும் குறித்த அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும். உப்புநீர், அதிர்ச்சி, வெப்ப மாற்றம், இருளில் தெரியும் தன்மை ஆகியவற்றுக்கும் சோதனைகள் உண்டு.

விலை இந்த எண்களைத் தீர்மானிப்பதில்லை. புகழ்பெற்ற பாடேக் பிலிப் நிறுவனத்தின் கலட்ராவா வகைக் கடிகாரங்கள் 30 மீட்டர் குறிப்புடன் வருகின்றன. அவை விருந்துக்கு அணியச் செய்யப்பட்டவை. அது அவற்றின் குறையன்று. விலை குறைந்த கேசியோ எம்டிவி-106 கடிகாரத்தில் 200 மீட்டர் குறிப்பும் திருகி மூடும் குமிழும் உள்ளன. அதே நேரத்தில் மலிவானவை எல்லாம் நீரைத் தாங்கும் என்பதும் தவறு. எஃப்-91டபிள்யூ தெறிக்கும் நீரைத் தாங்கும் அளவுக்கே உரியது.

உப்பும் உலோகமும்

கடல்நீரிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகிலும் நுண்குழிகளை உண்டாக்கும். நல்ல கடிகாரங்களில் மாலிப்டினம் கலந்த 316எல் எஃகு பயன்படுகிறது. ரோலக்ஸ் பயன்படுத்தும் 904எல் வகை குழி அரிப்பை மேலும் நன்றாக எதிர்க்கும். டைட்டானியம் எடை குறைந்தது, கடல்நீரில் அரிக்காதது. மிக மலிவான கடிகாரங்களில் பித்தளைக் கூட்டின்மேல் முலாம் பூசப்பட்டிருக்கும். முலாம் தேய்ந்த இடத்தில் உப்பு பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் கூட்டுக்கு இத்தொல்லை இல்லை.

விலை உயர்ந்த கடிகாரங்களில் உள்ள செயற்கை நீலக்கல் கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது. ஆனால் இரும்புப் பொருளில் பலமாக மோதினால் நொறுங்கலாம். பழைய வகை அக்ரிலிக் கண்ணாடி எளிதில் கீறும், நொறுங்குவது அரிது.

பட்டையும் கைப்பாதுகாப்பும்

சிச்செஸ்டரின் அனுபவம் காட்டுவதுபோல, பெரும்பாலும் முதலில் தோற்பது கடிகாரமன்று. அதைக் கையில் பிடித்துவைக்கும் பட்டை. கூட்டையும் பட்டையையும் இணைப்பது இருபுறமும் உள்ள மெல்லிய சுருள்வில் ஊசிகள். அவற்றில் ஒன்று கழன்றாலும் கடிகாரம் நீரில் போகும். ஒரே துண்டாகக் கூட்டின் அடியில் நுழைத்துக் கட்டும் நைலான் பட்டையில் ஓர் ஊசி கழன்றாலும் மற்றது தாங்கும். தோல் பட்டை உப்புநீரில் ஊறி அழுகும். பிளாஸ்டிக் பட்டை ஆண்டுகள் செல்லச் செல்ல வெடித்து அறும்.

இதன் மறுபக்கமும் உண்டு. காற்று நிறைந்த பாயின் கயிறு, கயிற்றை இழுக்கும் சுழல் உருளை, நங்கூரச் சங்கிலி, சுழலும் எந்திரப் பகுதி ஆகியவற்றில் கடிகாரம் சிக்கினால், அறுந்துபோகாத பட்டை கையையும் சேர்த்து இழுக்கும். எனவே தடித்த உலோகப் பட்டையுள்ள கடிகாரத்தை இவ்வேலைகளின்போது கழற்றிவைப்பது நல்லது. இழுவிசையில் பிரிந்துவிடும் ஒட்டுப்பட்டை இங்குப் பாதுகாப்பானது. கடிகாரத்தை இழப்பது கையை இழப்பதைவிட மேல்.

ஆடம்பரக் கடிகாரத்தை மதிப்பிடுதல்

ஆடம்பர முக்குளிப்புக் கடிகாரங்கள் உறுதியானவை. பழுது பார்க்கத்தக்கவை, பல பத்தாண்டுகள் உழைக்கும். இயந்திரக் கடிகாரத்துக்கு மின்கலம் தேவையில்லை. தொலைதூரப் பயணத்தில் இது ஒரு பயன். ஆனால் இப்பயன்கள் பராமரிப்பைப் பொறுத்தவை. பல ஆண்டுகளாக ரப்பர் வளையம் மாற்றப்படாத விலை உயர்ந்த கடிகாரத்தைவிட, சென்ற மாதம் வாங்கிய 100 மீட்டர் மலிவுக் கடிகாரம் நீரில் நம்பத்தக்கது. உள்ளே உப்புநீர் புகுந்தால் இயந்திரக் கடிகாரத்தின் எஃகு உறுப்புகள் விரைவில் துருப்பிடிக்கும். பழுதுச் செலவு ஒரு புதிய மலிவுக் கடிகாரத்தின் விலையைப்போலப் பலமடங்கு ஆகும். பயணக் காப்பீடுகளில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருப்பது வழக்கம் என்பதால் அதையும் முன்னதாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது அணிபவரின் மனம். படகில் ஒரு கை படகுக்கு, ஒரு கை தனக்கு என்பது பாலபாடம். கடிகாரம் கீறிவிடுமோ என்று கையைப் பின்னிழுப்பவர் பிடிமானத்தை இழக்கிறார். நீரில் விழுந்த கடிகாரத்தை எட்டிப் பிடிக்கக் குனிபவர் தாமும் விழ நேரலாம். கடிகாரம் மூழ்கும் பொருள். விழுந்தால் விட்டுவிட வேண்டும். அப்படி விட்டுவிட மனம் ஒப்பாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படகேறாமல் இருப்பதே அறிவுடைமை. இங்கு விலை மட்டும் அளவுகோல் அன்று. தந்தை கட்டியிருந்த பழைய கடிகாரம் சந்தையில் சில நூறு ரூபாய்க்கும் போகாமல் இருக்கலாம். வீட்டாருக்கு அது ஈடற்றது. அதுவும் கரையில் இருக்க வேண்டியதே.

பராமரிப்பு

- படகேறுமுன் குமிழ் முழுதாக அழுத்தப்பட்டோ திருகப்பட்டோ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
- நீருக்குள் குமிழையும் பொத்தான்களையும் தொடக் கூடாது.
- கடல்நீரில் நனைந்த கடிகாரத்தைக் கரை சேர்ந்ததும், குமிழ் மூடியிருக்கும் நிலையிலேயே நன்னீரில் அலசித் துடைக்க வேண்டும்.
- கடலில் அடிக்கடி பயன்படுத்தினால் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்வது நல்லது. மின்கலம் மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் பார்த்து மாற்றச் சொல்ல வேண்டும்.
- இயந்திரக் கடிகாரத்தை ஒலிபெருக்கியின் அருகில் வைக்கக் கூடாது. அதன் காந்தம் கடிகாரத்தின் ஓட்டத்தைப் பிழையாக்கும்.
- கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். தாமதிக்காமல் பழுது பார்ப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

தேர்வு

துடுப்புப் படகு, கயாக், சிறு பாய்மரப் படகு போன்ற கவிழ வாய்ப்புள்ள படகுகளுக்கு 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் குறிக்கப்பட்ட, விநாடியும் விளக்கொளியும் உள்ள, விலை குறைந்த குவார்ட்ஸ் கடிகாரம் போதுமானது. பந்தயத்துக்குப் பின்னோக்கி எண்ணும் வசதியும் வேண்டும். தொலைதூரப் பயணத்தில் ஒரே கடிகாரத்தை நம்பாமல் இரண்டு கடிகாரங்கள் வைத்திருப்பதும் அவற்றின் அன்றாடப் பிழையைக் குறித்து வருவதும் நல்லது. ஆடம்பரக் கடிகாரம் அணிய விரும்புபவர், அது முக்குளிப்புத் தரத்தைச் சேர்ந்ததாகவும் அண்மையில் சோதிக்கப்பட்டதாகவும் இருப்பின் அணியலாம்; கயிறு இழுக்கும் வேலையின்போது கழற்றிவிட வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் பயணியர் படகில் உட்கார்ந்து செல்பவருக்கு எந்தக் கடிகாரமும் தகும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பின்மூடியில் என்ன எண் உள்ளது? ரப்பர் வளையம் எப்போது மாற்றப்பட்டது? இது கடலில் விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் படகைச் செலுத்த முடியுமா? மூன்றுக்கும் நிறைவான விடை கிடைத்தால், விலை எதுவாயினும் அக்கடிகாரம் படகுக்கு ஏற்றது.